மலையின் துக்கமும் மழைக்கால விரதமும்

(புனே, வானவடியில் ஆஷாடப் பவுர்ணமியன்று கூடிய தமிழ்ப் பௌத்த அன்பர்கள் முன் நிகழ்த்திய அறவுரை)





இன்று ஆஷாடப் பவுர்ணமி. பகவான் புத்தர் இசிபதனத்து மான்சோலையில் ஐவருக்கு முதன்முதலாக அறவாழியை உருட்டிய நன்னாள். நான்கு வாய்மைகள் உலகிற்குக் கிடைத்த நாளும் இதுவே. நாளை முதல் பிக்குகளுக்கு மூன்று மாத மழைக்கால வாசம் தொடங்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்து ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது நம்மில் சிலருக்கு உவப்பாயிராது என்பதை அறிவேன். ஆயினும் சொல்லாமல் விடுவது தருமமன்று.

மழைக்கால வாசம் ஏற்பட்ட வரலாறு விநயத்தின் மகாவக்கத்தில் காணப்படுகிறது. தொடக்க காலத்தில் பிக்குகள் எல்லாப் பருவங்களிலும் ஊர் ஊராக நடந்து திரிந்தனர். மழை நாளிலும் அவர்கள் நடப்பதைக் கண்ட குடிமக்கள் குறைகூறினர். பசும்புல் தலையெடுக்கும் காலத்தில் இவர்கள் அதை மிதித்துச் செல்கிறார்களே, சிற்றுயிர்கள் காலடியில் மடிகின்றனவே, பறவைகள்கூட இப்பருவத்தில் ஒரிடத்தில் தங்குகின்றனவே என்று வருந்தினர். ததாகதர் அக்குறையைத் தள்ளிவிடவில்லை. சங்கத்தை அமரச் செய்தார். எண்ணிப் பாருங்கள். உலகிற்கு அறம் சொல்லப் புறப்பட்ட சங்கம், புல்லின் பொருட்டு மூன்று மாதம் கால் மடக்கி அமர்ந்தது!

இனி நம் செய்திக்கு வருகிறேன். இம்மாத இறுதியில் நமக்குத் தெற்கேயுள்ள மேட்டு நிலத்தில் ஐந்நூறு மரக்கன்றுகள் நடுவதென்று நாம் தீர்மானித்திருக்கிறோம். பணம் சேர்ந்துவிட்டது. கன்றுகளுக்குச் சொல்லியாகிவிட்டது. பதாகைக்கும் புகைப்படத்திற்கும் ஏற்பாடு நடக்கிறது. அத்தீர்மானத்தை இவ்வாண்டு நிறுத்தி வைக்க வேண்டுமென்று உங்களைக் கேட்கவே இன்று நிற்கிறேன்.

மரம் நடுவதை ஒரு போதகன் தடுப்பதா என்று வியக்காதீர்கள். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நாற்பது குழி தோண்டிய கதை

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்தேன். ஒரு மழைக்காலத்தில் ஆலையார் மரநடு விழா நடத்தினர். எங்களை லாரியில் ஏற்றி ஒரு மலைச்சரிவில் இறக்கினர். ஆளுக்கொரு கடப்பாரையும், கட்டுக் கட்டாகக் கிளைரிசிடியாப் போத்துகளும் கொடுத்தனர். முழங்கால் உயரம் புல் நின்றது. அதைக் கொத்தி எறிந்துவிட்டுக் குழி தோண்டினோம். மாலைக்குள் நான் ஒருவனே நாற்பது குழி தோண்டினேன். நாற்பது என்ற எண்ணை வீட்டில் பெருமையோடு சொன்னேன்.

அன்று பிற்பகல் ஒரு தங்கர் முதியவர் தம் ஆட்டு மந்தையோடு அவ்வழி வந்தார். தங்கர் என்போர் இந்நாட்டு இடையர். அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்து நின்றுவிட்டு, "தம்பி, இது புல்லின் இடமாயிற்றே, இங்கே எதற்கு இந்தக் கொம்பு?" என்று மராத்தியில் கேட்டார். நாங்கள் நகைத்தோம். மரத்தின் அருமை அறியாத பட்டிக்காட்டார் என்று எண்ணினோம்.

பிறகு ஆலை மூடப்பட்டது. நான் நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். தம்மம் என்னை இழுத்துக்கொண்டது. சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் அம்மலைக்குப் போனேன். கிளைரிசிடியா இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். உள்ளே சென்றேன். மரத்தின் கீழ்ப் புல் இல்லை. நாங்கள் குழி தோண்டிய நாளில் தலைக்குமேல் ஓயாமல் பாடிய வானம்பாடி இல்லை. அது மரத்தில் கூடு கட்டும் பறவையன்று; புல்லினிடையே தரையில் முட்டையிடுவது. புல் போயிற்று, பாட்டும் போயிற்று. ஆட்டு மந்தையையும் காணவில்லை. அம்முதியவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வழியில்லை. ஆகவே உங்கள் முன் கேட்கிறேன்.

முதல் வாய்மை: துக்கம்

மருத்துவன் முதலில் நோயைப் பார்க்கிறான். நாமும் மலையை முதலில் பார்ப்போம்.

புனேயைச் சுற்றியுள்ள மேடுகள், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து இறுகிய கரும்பாறைகள். அவற்றின்மேல் உள்ள மண் பல இடங்களில் ஒரு சாண்கூட இராது. மழை பெரும்பாலும் நான்கு மாதம். மற்ற எட்டு மாதம் வறட்சி. இத்தகைய இடத்தில் இயற்கை தானே விளைவித்தது அடர்ந்த காடன்று. முதலில் புல், புல்லினிடையே தள்ளித் தள்ளி நிற்கும் மரங்கள், அவற்றிடையே புதர். ஊசிப்புல் அங்கே அரசு செலுத்தியது. மராத்தியர் பளஸ் என்னும் புரசு, மோய் என்னும் ஒதியன், கைர் என்னும் கருங்காலி, சாளை என்னும் குங்கிலிய மரம், தாவடா என்னும் வெக்காலி ஆகியவை ஆங்காங்கே நின்றன. மழை பெய்ததும், ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிழங்காக உறங்கிய கொடிகளும் பூண்டுகளும் தலைநீட்டும். செரோபீஜியா என்னும் கொடியின் பூ சிறு விளக்குக்கூண்டு போன்றிருக்கும். மழை நின்றதும் அவை மீண்டும் மண்ணுக்குள் மறைந்துவிடும். கோடையில் வருகிறவன், இங்கே ஒன்றுமில்லை, வெற்று நிலம் என்று எழுதிப் போவான்.

அப்படித்தான் எழுதினார்கள். வெள்ளையர் ஆட்சியில் நிலவரி தராத புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கில் ஏற்றினர். அப்பெயர் இன்றுவரை அவற்றை விட்டு முற்றும் நீங்கவில்லை. தரிசு என்றால் எவரும் எதையும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. கல்லுடைக்கலாம், கட்டட இடிபாடு கொட்டலாம், குப்பைக்குத் தீ வைக்கலாம், மனம் வந்தால் மரமும் நடலாம்!

அப்புல்வெளியை நம்பி வாழ்ந்தவை எவை? வானம்பாடி, கௌதாரி, முயல், நரி. புனே மாவட்டத்துச் சாஸ்வட் பக்கத்துப் புல்வெளிகளில் இன்றும் ஓநாய் திரிகிறது. சுபே ஊரருகே மயூரேசுவர் என்னும் 5 சதுர கிலோமீட்டர் அளவுள்ள சிறு சரணாலயம் 1997-இல் அமைக்கப்பட்டது. சிங்காரா என்னும் சிறுமான்கள் அங்கே வாழ்கின்றன. மானுக்குப் புல் வேண்டும். மான்சோலையில் பிறந்த அறத்தைப் பின்பற்றும் நாம் இதை மறக்கலாமா?

இரண்டாம் வாய்மை: காரணம்

துக்கத்திற்குக் காரணம் இரண்டு என்பேன். ஒன்று அவித்தை, மற்றொன்று வேட்கை.

அவித்தை யாதெனில், எல்லாப் பசுமையும் ஒன்றே என்று எண்ணுவது. கிளைரிசிடியா மெக்சிகோ நாட்டிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த மரம். அதைப் பழிப்பது என் நோக்கமன்று. தமிழ்நாட்டு உழவர் அதனை வயல் வரப்பில் வளர்த்துத் தழையுரமாக இடுகின்றனர். அங்கே அது நன்மை செய்கிறது. கொம்பை ஒடித்து நட்டால் தழைக்கும், வெட்டினாலும் துளிர்க்கும், நம் மந்தைகள் எளிதில் வாய் வைப்பதில்லை. இக்குணங்களைக் கண்டே சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் புனேயின் மலைகளில் அதனைப் பெருவாரியாக நட்டனர். எந்தக் குணங்களால் நல்லது என்று கருதினரோ, அந்தக் குணங்களாலேயே அது பிறவற்றிற்கு இடம் கொடாமல் பரவிவிட்டது. வரப்பில் உரமாயிருப்பது மலையில் நோயாகிறது. பொருள் ஒன்றே, இடம் வேறு.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தமிழர் நிலத்தைத் திணை திணையாகப் பிரித்தபோது, மரத்தையும் பறவையையும் விலங்கையும் மக்கள் தொழிலையும் அந்தந்தத் திணையோடு சேர்த்தே எண்ணினர். ஆடு மேயும் முல்லை நிலம் அவர்களுக்குத் தரிசாகத் தோன்றவில்லை. அத்தங்கர் முதியவர் தொல்காப்பியம் அறியார். ஆயினும் திணை அறிந்திருந்தார். தமிழ் படித்த நான் அறிந்திலேன்.

இரண்டாவது வேட்கை. நிலத்தின்மேல் கொண்ட வேட்கையை எல்லாரும் அறிவர். நான் சொல்ல வருவது புண்ணியத்தின்மேல் கொண்ட வேட்கை. ஐந்நூறு என்ற எண் எதற்கு? அக்குன்று நம்மிடம் ஐந்நூறு கேட்டதா? எண் நமக்கு வேண்டும். புகைப்படம் நமக்கு வேண்டும். நட்ட கன்று மாசி மாதத்தில் உயிரோடு நின்றதா என்று பார்க்க எத்தனை பேர் மேடேறினோம்? சென்ற ஆண்டு நாம் நட்டவற்றுள் இன்று எத்தனை நிற்கின்றன என்று நம்மில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தானம் கொடுத்தவன் பெற்றவனைத் திரும்பிப் பாராமற் போனால் அது தானமாகுமா?

தம்மபதத்தில் மார்க்கவர்க்கத்திலே ததாகதர் காட்டை உவமையாக வைத்துப் பேசுகிறார். மனத்தில் அடர்ந்த ஆசைக்காட்டை அழிக்கச் சொன்னவர், அதை வெளியே நிற்கும் மரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். நாம் செய்வது தலைகீழாயிருக்கிறது. உள்ளே ஆசைக்காட்டை வளர்த்துக்கொண்டு, வெளியே நின்ற புல்லை வெட்டுகிறோம்.

மூன்றாம் வாய்மை: நீங்குதல்

துக்கம் உண்டு என்றதோடு பகவான் நிற்கவில்லை. அது நீங்கும் என்றார். நிலத்தின் துக்கமும் நீங்கக்கூடியதே. இது வெறும் நம்பிக்கையன்று. கண்ணால் காணத்தக்க சான்றுகள் உண்டு.

முதற்சான்று நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ளது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில் 1968-இல் தொடங்கப்பட்டபோது அந்த மேடு செம்மண் பாலையாயிருந்தது. மழை நீர் மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடியது. அங்கே வந்தவர்கள் முதலில் செய்தது மரம் நடுவதன்று. வரப்புப் போட்டு ஓடும் நீரை நிறுத்தியது. பிறகு விரைந்து வளரும் மரங்களை, அயல்நாட்டு மரங்களையும்கூட, நிழலுக்கென வைத்தனர். அந்நிழலில் அந்நிலத்திற்கே உரிய மரங்களைக் கொண்டுவர முயன்றனர். அவை எவை என்று எங்ஙனம் அறிவது? மரக்காணத்திற்குப் போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு போன்ற சில துண்டுக் காடுகள் எஞ்சியிருந்தன. வீரை, காசான், பாலை முதலிய மரங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக நின்றன. அவற்றைப் பார்த்து, விதை சேர்த்து, நாற்று வளர்த்தனர். நாம் அய்யனாரை வழிபடுவோர் அல்லோம். ஆயினும் எளிய மக்கள் அச்சத்தாலோ அன்பாலோ காத்து வைத்த அந்தச் சிறு காடே ஒரு பெருங்காட்டிற்குத் தாயாயிற்று. ஒரு துண்டு பிழைத்திருந்தால் போதும், முழுதும் மீளலாம்.

இரண்டாம் சான்று பழனி மலை. கொடைக்கானலைச் சூழ்ந்த மேட்டில் புல்வெளியும், மடுக்களில் சோலைக்காடும் கலந்திருந்தன. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய மரத்தையும், மற்றத் தேவைகளுக்காகத் தைலமரத்தையும் பைன் மரத்தையும் அங்கே வளர்த்தனர். 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் அம்மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதைக் கண்டு மனம் நொந்த சிலர், அயல்மரங்களை வெட்டி அகற்றுவதே வழி என்று தொடங்கினர். தொடங்கியபின் ஒன்று கண்டனர். அந்த அயல்மரங்களின் நிழலிலேயே பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து நின்றன! எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் அக்கன்றுகளும் மடியும். ஆகவே அவர்கள் கையை அடக்கினர். புல்வெளிக்குள் புதிதாகப் புகும் அயற்கன்றைப் பிடுங்குவது, சோலை எழும் இடத்தில் பொறுத்திருப்பது என்று இடத்திற்கேற்ப நடக்கும் கருத்து வளர்ந்தது.

மூன்றாம் சான்று நமது நகரிலேயே உண்டு. வார்ஜே மலைச்சரிவில் 16.8 ஹெக்டேர் மொட்டை நிலத்தில் வனத்துறையும் நகர மக்களும் சேர்ந்து வளர்த்த காட்டை எடுத்துக்காட்டாக வைத்தே, 2020 ஜூன் 5-ஆம் நாள் மத்திய அரசு நாடெங்கும் 200 நகர்வனங்கள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. நமக்கு அடுத்த முகமதுவாடியிலும் குப்பையும் இடிபாடும் குவிந்திருந்த வனத்துறை நிலத்தை மக்கள் துப்புரவு செய்து ஆனந்தவனம் என்று வளர்த்திருக்கின்றனர். ஆகவே உழைக்கும் மக்களால் இது முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

இச்சான்றுகளின் உட்பொருளை நான் ஆலையிலே கற்றதைக் கொண்டு விளக்குகிறேன். ரிங் பிரேமில் இழை அறுந்தால் என்ன செய்வோம்? கதிரை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி எடுத்து, மேலே ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சோடு மெல்லச் சேர்த்து, கதிரை விடுவோம். பசை போட்டு ஒட்டுவதில்லை. முடிச்சுப் போடுவதும் இல்லை. சுழலும் கதிர் தரும் முறுக்கே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நம் கை செய்வது சேர்த்து வைப்பது மட்டுமே. இன்னொன்றும் உண்டு. ரோலரில் கழிவுப் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தால், நூறு முறை சேர்த்தாலும் நூறு முறை அறும். முதலில் அக்கழிவை எடுக்க வேண்டும். நிலமும் அப்படியே. அறுத்த காரணத்தை முதலில் அகற்று, எஞ்சிய நுனியைத் தேடு, சேர்த்து வை, பிறகு இயற்கையின் முறுக்கு தன் வேலையைச் செய்யட்டும்.

சார்ந்து நிற்றல்

இங்கே ஓர் ஐயம் எழலாம். "நாம் நடப்போவது அரச மரம் அல்லவா? போதிமரம் எங்கே நட்டாலும் புண்ணியம்தானே?" என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார்.

அரசமரம் நமக்கு உயிரினும் இனியது. புத்தகயாவில் இருந்த பழைய மரம் 1876-இல் புயலில் சாய்ந்தது; 1881-இல் கன்னிங்காம் அங்கே அதன் வழிவந்த கன்றை நட்டார். அதன் கிளை ஒன்றைச் சங்கமித்திரை இலங்கைக்குக் கொண்டுசென்ற வரலாற்றை மகாவம்சம் கூறுகிறது. அநுராதபுரத்தில் அம்மரம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த அரசமரம் தனியே வாழ்வதா? அதன் காய்க்குள் புகுந்து மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு குளவி. அரசுக்கென்றே அக்குளவி, குளவிக்கென்றே அரசு. அக்குளவி இல்லாத தூர தேசங்களில் நட்ட அரசமரம் காய்த்தாலும் முளைக்கும் வித்துத் தரவில்லை. அதன் பழத்தைத் தின்னும் பறவையே விதையைப் பரப்புகிறது. ததாகதர் எந்த மரத்தடியில் அமர்ந்து சார்பில் தோன்றும் உண்மையை ஆராய்ந்தாரோ, அந்த மரமே அவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கிறது. ஆகவே அரசை விகாரை முற்றத்தில் ஒன்று நடுவோம், நன்கு வளர்ப்போம். ஒரு மலை முழுதும் அரசே நட்டால் அது வனமாகாது.

ருக்கதம்ம ஜாதகக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். போதிசத்துவர் ஒரு சாலவனத்தில் மரதேவதையாகப் பிறந்திருந்தார். தனிமரத்தில் குடியேற வேண்டாம், வனத்தோடு சேர்ந்திருங்கள் என்று உற்றாருக்குச் சொன்னார். கேட்டவர் சிலர், கேளாமல் ஊரருகே தனித்து நின்ற பெருமரங்களை விரும்பிப் போனவர் சிலர். ஒரு நாள் பெரும்புயல் வந்தது. தனிமரங்கள் வேரோடு வீழ்ந்தன. ஒன்றையொன்று தாங்கி நின்ற சாலவனத்தில் ஒரு மரமும் விழவில்லை. ஆற்று நீருக்காகச் சண்டையிட்ட தம் உறவினருக்கு ஒற்றுமையை அறிவுறுத்தப் பகவான் சொன்ன கதை இது. மக்களுக்குச் சொன்னது மரத்திற்கும் பொருந்துகிறது. சம்யுத்த நிகாயத்தின் வனரோப சுத்தத்தில், யாருடைய புண்ணியம் இரவும் பகலும் வளர்கிறது என்ற வினாவிற்குத் தரப்படும் விடையிலும், சோலையும் வனமும் அமைப்பவரே சொல்லப்படுகிறார். அங்கே குறித்தது வனம். எண்ணிக்கையிட்ட மரம் அன்று.

"அசோக மன்னர் வெளியிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து நடச் செய்தாரே?" என்று படித்த இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருந்தாகும் மூலிகைகள் இல்லாத இடங்களில் கொண்டுபோய் நட்ட செய்தி உண்டு. அதில் சோழ பாண்டிய நாடுகளின் பெயரும் உண்டு. அது நோய் தீர்க்கும் மருந்துக்கு. வழிப்போக்கருக்கு நிழலாகச் சாலையோரத்தில் ஆலும் மாவும் வைத்தார். அது சாலைக்கு. அதே மன்னர் காடுகளை வீணே எரிக்கலாகாது என்றும் தூண் கல்வெட்டில் ஆணையிட்டார். வேண்டிய இடத்தில் வேண்டியதை வைத்தார்; இருந்ததை அழிக்காதீர் என்றார். நாமும் அதையே செய்வோம்.

நான்காம் வாய்மை: வழி

வழி நடுவழியே. ஒரு பக்கம், எதையாவது எங்கேயாவது நட்டுவிட்டு மகிழ்வது. மறுபக்கம், அயல்மரம் என்ற சினத்தால் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்ப்பது. இரண்டும் எல்லை கடந்தவை.

சினத்தால் செய்வது எங்ஙனம் முடியும் என்பதற்குச் சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். 1877-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட அது தென் தமிழ்நாட்டுக் கண்மாய்களை மூடிக்கொண்டது. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டது. எங்கும் இயந்திரங்கள் இறங்கின. அவ்வாண்டிலேயே, அறிஞர் குழுவின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று அப்பணி நிறுத்தி வைக்கப்பட்டது. வேர் எஞ்சிய இடத்தில் அது மீண்டும் துளிர்த்தது. அதைச் சுட்டுக் கரி விற்று வயிறு கழுவும் இராமநாதபுரத்து ஏழைகளை என்ன செய்வது என்ற கேள்வியும் நின்றது. 2022-இல் தமிழ்நாட்டு அரசு அயற்செடிகளை அகற்றவும் நிலத்தை மீட்கவும் தனியே ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவது பாதி வேலை. அவ்விடத்தில் உரியதை மீள வைப்பது மறு பாதி.

நமக்கும் இதே எச்சரிக்கை. இன்று கிளைரிசிடியாவைக் கண்டு கோடரி எடுத்தால், அதன் நிழலில் ஒதுங்கிய சில உயிர்களுக்குத் தீங்காகும்; வெறுமையான இடத்தில் உண்ணிச்செடி புகுந்துவிடும். சிறிது சிறிதாக, வித்து முற்றுமுன், ஒரு துண்டில் குறைத்து, அங்கே புல்லும் புரசும் எழுந்தபின் அடுத்த துண்டிற்குச் செல்ல வேண்டும். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இரு மடங்காகத் துளிர்க்கும். தில்லிப் பேராசிரியர் சி. ஆர். பாபு காட்டிய முறைப்படி, மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டில் அறுத்துத் தலைகீழாகப் போட்டுவிட்டால் அது துளிர்ப்பதில்லை. எரிக்கவும் வேண்டாம், நஞ்சு தெளிக்கவும் வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையை மீட்பது என்ற பெயரால் ஏழையின் ஆட்டையும், விறகு பொறுக்கும் தாயையும் வேலிக்கு வெளியே தள்ளுவது அறமாகாது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டதன் வலி நமக்குத் தெரியாததன்று. எந்தப் பகுதியில் எந்த மாதத்தில் மேயலாம், எங்கே புல் அறுக்கலாம் என்று அவர்களோடு அமர்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும். நாம் அறியாத செடியின் பெயர்களை அறிந்தவர்களும் அவர்களே.

மூன்று மாத விரதம்

ஆகவே இந்த மழைக்கால வாசத்தில் இல்லறத்தாராகிய நாம் மேற்கொள்ள வேண்டியதாக மூன்று பணிகளைச் சொல்கிறேன்.

முதல் மாதம், பார்ப்பது. ஞாயிறுதோறும் பத்துப் பேர் அம்மேட்டிற்குச் செல்வோம். கையில் கடப்பாரை வேண்டாம்; ஒரு குறிப்பேடு போதும். எங்கே புல் நிற்கிறது, எங்கே எந்த மரம் தானே முளைத்திருக்கிறது, நீர் எவ்வழி ஓடுகிறது, யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று எழுதுவோம். அங்குள்ள மராத்தியத் தாய்மார்களிடமும் ஆடு மேய்ப்போரிடமும் பெயர் கேட்டுப் பழகுவோம். நடக்கும்போது புல்லை மிதியாமல் ஒற்றையடிப் பாதையிலேயே நடப்போம். அதுவே நம் முதற்சீலம்.

இரண்டாம் மாதம், தீங்கை நிறுத்துவது. நம் தெருக்களின் கழிவையும் பிளாஸ்டிக்கையும் சுமந்துகொண்டு பைரோபா ஓடை முளா-முட்டா ஆற்றுக்குப் போகிறது. அவ்வோடைக்கரையிலும் மேட்டின் அடிவாரத்திலும் கிடப்பதை அகற்றுவோம். அதைவிட முக்கியமாக, நாம் கொட்டாதிருப்போம். மலை நிலத்தில் கை வைக்குமுன் வனத்துறையின் இசைவை எழுத்தில் பெறுவோம். இசைவு கிடைத்தால் ஒரு சிறு துண்டில் மட்டும் உண்ணிச்செடியை அகற்றிப் பார்ப்போம்.

மூன்றாம் மாதம், வித்தைத் தேடுவது. புல் முற்றும்போது அதன் விதையில் ஒரு பிடி சேர்ப்போம். பெரும்பகுதியை நிலத்திற்கும் பறவைக்கும் விட்டுவிடுவோம். புரசுக்கும் ஒதியனுக்கும் கோடையில்தான் வித்து முற்றும். எந்த மரத்தினடியில் அப்போது கூடை பிடிக்க வேண்டும் என்பதை இப்பொழுதே குறித்து வைப்போம். கன்றுகளுக்கென்று சேர்ந்த பணத்தில் விகாரைப் பின்புறத்தில் ஒரு நாற்றங்கால் அமைக்கலாம் என்பது என் விண்ணப்பம். இதற்கு உடன்படாதவர் தம் பங்கைத் திரும்பப் பெறலாம். அதில் குறையொன்றும் இல்லை. அடுத்த ஆஷாடத்தில் ஐந்நூறு நட முடியாது. ஐம்பது இருக்கலாம், முப்பது இருக்கலாம். ஒவ்வொன்றிற்கும் பெயர் தெரியும், தாய்மரம் தெரியும், நீர் ஊற்ற முறை வைத்த குடும்பம் தெரியும். புல் நிற்கும் இடத்தில் ஒன்றுமே நடமாட்டோம்.

விளைவு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். என் வயதில் நான் அதைப் பார்ப்பேனோ மாட்டேனோ அறியேன். அதனால் என்ன? தமிழகத்தில் பௌத்தம் வேரோடு போயிற்று என்று எழுதி வைத்தனர். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1954 டிசம்பர் 25-இல் அண்ணல் அம்பேத்கர் நமது புனேயை அடுத்த தேஹூ சாலையில் புத்தர் சிலையை நிறுவினார். மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்தது மழை கண்டு எழுந்தது. கோடையில் மட்டும் வந்து பார்த்தவனுக்கு இது தெரியாது.

அன்பர்களே! ஒரு நாள் நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அம்மேட்டில் நிற்கும்போது தலைக்குமேல் வானம்பாடி ஒன்று பாடுமாயின், அன்று நாம் செய்த தானம் நிறைவேறும். அங்கே நம் பெயர்ப்பலகை இருக்க வேண்டியதில்லை. ஒரு முதியவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, இது புல்லின் இடம் என்று சொன்னால், நம் பிள்ளைகள் நகையாமல் கைகூப்பி, ஆம் ஐயா என்று சொல்லட்டும்.

நிற்பனவும் நடப்பனவும் பறப்பனவும் மண்ணுக்குள் உறங்குவனவும் ஆகிய எல்லா உயிர்களும் நலமடைக.

சாது! சாது! சாது!